வரி அல்லாத தடை

ஜூன் 11

ஆய்வேட்டுத் தலைப்பு தேறிவிட்டது. மின்கம்பி இறக்குமதியில் வரி அல்லாத தடைகள். பேராசிரியர் மேடம் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "இதுல ஏதோ இருக்கும்மா" என்றார். வழக்கமாக "இதுல என்ன இருக்கு?" என்றுதான் கேட்பார். வகுப்பில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சர்வதேச வணிகக் கொள்கை என்றால் என்னவென்று வீட்டில் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை. மாமியார் ஊரில் எல்லோரிடமும் "மருமக ஏத்துமதிக்குப் படிக்கிறா" என்று சொல்லி வைத்திருக்கிறார். ஏதோ என்னையே பெட்டியில் போட்டு அனுப்பப் போவதுபோல.

எனக்கு மட்டும் இந்தத் தலைப்பு வானத்திலிருந்து குதிக்கவில்லை. படிக்க வருவதற்கு முன் கப்பல் ஏஜென்சியில் சரக்கு விடுவிக்கும் வேலை பார்த்தவள். வயர் சுருள் வந்த பெட்டிகள் சோதனை முடிவுக்காகத் துறைமுகத்தில் தவம் கிடக்கும். வாடகை ஏறும். வியாபாரிகள் என்னைத் திட்டுவார்கள். அனுப்புகிற நாட்டிலேயே சோதித்துச் சான்றிதழ் கொடுத்துவிடுகிறார்கள். அதை இங்கே மறுபடி எதற்குச் சோதிக்க வேண்டும்? வரி போடாமலே சரக்கைத் தடுக்கிற இந்த மாதிரி விதிக்குத்தான் வரி அல்லாத தடை என்று பெயர். என் ஆய்வேடே இந்த ஒரு கேள்விதான்.

ஜூன் 20

நாள் முழுக்கத் தரவு. கண் எரிகிறது. எழுத வேறு ஒன்றுமில்லை.

ஜூலை 3

கணக்கு முடிந்தது. மறுசோதனையை எடுத்துவிட்டால் வயர் விலை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். நம்பாமல் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அதேதான் வருகிறது.

முதலில் வரிக்குதிரையிடம் காட்டினேன். வகுப்பில் என்னைவிட வயதில் சிறியவன். எந்தப் பேச்சையும் கடைசியில் வரியில் கொண்டுவந்து கட்டுவான், அதனால் அந்தப் பட்டம். அவனும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டான். இரண்டாம் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது சும்மா கிடக்கிற எண் இல்ல. இதுக்குக் கால் முளைக்கும்" என்றான்.

பேராசிரியர், பாடம் நடத்த வருவதற்கு முன், அரசுக்காக வெளிநாடுகளில் பேச்சுவார்த்தை நடத்தியவர். இப்போதும் அமைச்சகக் குழு ஒன்றில் இருக்கிறார். "இதைக் குழுவுல வைக்கட்டுமா?" என்று கேட்டார். என் அனுமதியைக் கேட்டார்! தலையாட்டினேன். பறக்காத குறை.

ஜூலை 4

வீட்டில் இவரிடம் சொன்னேன். கட்டடக் கம்பெனியில் கொள்முதல் பார்க்கிறவர், விலை குறையும் என்றால் அவருக்கு அது சங்கீதம். "அஞ்சுல ஒரு பங்கா? எங்க முதலாளி உனக்கு மாலை போடுவார்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "எனக்கு சம்பளம் ஏத்த மாட்டார், மாலை மட்டும் போடுவார்."

ஜூலை 22

துறைமுகச் சோதனைக்கூடத்துக்குப் போனேன். பேராசிரியர்தான் அனுப்பினார். "தடை தடைன்னு எழுதறே. அது எப்படி இருக்குன்னு ஒரு தடவை நேர்ல பார்த்துட்டு வா."

அந்த இடத்தின் தலைவி கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அதை மேசையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். நான் சொன்னதும் சிரித்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. நேரே உள்ளே அழைத்துப் போனார்.

கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு முழம் வயரைச் செங்குத்தாகக் கட்டி, அடியில் நெருப்பு காட்டினார்கள். நெருப்பை விலக்கியதும் வயரில் பிடித்த தீ அணைந்துவிட்டது. "இது நல்ல வயர்" என்றார். அடுத்த துண்டைக் கட்டினார்கள். நெருப்பை விலக்கினார்கள். அது அணையவில்லை. அவசரமே இல்லாமல் படியேறுவதுபோல மேலே மேலே ஏறியது. உருகி உருகிச் சொட்டுச் சொட்டாக விழுந்தது, ஒவ்வொரு சொட்டும் எரிந்துகொண்டே. கீழே ஒரு தட்டில் பஞ்சு வைத்திருந்தார்கள். பஞ்சு பற்றிக்கொண்டது.

"பஞ்சு எதுக்கு மேடம்?" என்று கேட்டேன்.

"கீழே யாராவது தூங்கிட்டிருப்பாங்க இல்லையா? அவங்களுக்குப் பதிலா பஞ்சு."

அந்த வயரின் முனையைக் கத்தியால் சுரண்டிக் காட்டினார். செம்பு நிறம் போய் வெள்ளை தெரிந்தது. அலுமினியத்தில் செம்புப் பூச்சு. சீக்கிரம் சூடாகும்.

"இதுக்கும் சான்றிதழ் இருக்கா?"

"சான்றிதழ் இல்லாம எதுவும் கப்பல் ஏறாதும்மா. நல்ல கம்பெனிச் சரக்கு நல்லாத்தான் இருக்கும். இந்த மாதிரி வர்றதை நாங்க திருப்பி அனுப்பிடுவோம். ரெண்டு மூணு தடவை திருப்பினா, அப்புறம் அவங்க இந்தப் பக்கமே அனுப்ப மாட்டாங்க."

ஜூலை 23

சோறு இறங்கவில்லை. உடையிலிருந்து அந்த வாடை போகவே இல்லை.

என் கணக்கில் சோதனைக்கூடம் என்பது ஒரு எண். எத்தனை நாள் தாமதம், அவ்வளவுதான். அங்கே தீ கிடையாது. பஞ்சு கிடையாது.

தேறாத சரக்கு மிகக் குறைவு, ஆகவே சோதனை தேவையில்லை — நானே எழுதிய வாக்கியம் இது. ஏன் குறைவு? சோதிக்கிறார்கள் என்று தெரிந்து அவர்கள் அனுப்புவதில்லை. சோதனையை எடுத்துவிட்டு அதே எண்ணை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். இது எப்படி எனக்குத் தோன்றாமல் போயிற்று? எப்படி யாருக்குமே தோன்றாமல் போயிற்று?

ஆகஸ்ட் 14

மூன்று வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டு புது அத்தியாயம் எழுதினேன். நான்காவது. சோதனை போனபின் மோசமான சரக்கு எவ்வளவு வரக்கூடும் என்று. துல்லியமாகச் சொல்ல முடியாது, இன்னும் நடக்காத ஒன்றுக்குத் தரவு ஏது? ஆனால் எந்த வழியில் போட்டாலும் ஆதாயம் கரைகிறது. சில வழிகளில் தலைகீழாகிறது.

பேராசிரியர் கடைசிப் பக்கம் வரை படித்தார். என்னைத் தட்டிக்கழிப்பார் என்று நினைத்துப் போனேன். அப்படிச் செய்யவில்லை.

"நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது எங்க வீட்டுல ஒரே ஒரு பல்பு. பக்கத்து வீட்டுலேர்ந்து ஒட்டுப்போட்ட வயர்ல இழுத்தது. மழை வந்தா எங்கம்மா எங்களைச் சுவரைத் தொட விட மாட்டாங்க. விலை குறைஞ்சா எத்தனை வீட்டுல அந்த ஒட்டு வயரை மாத்துவாங்க தெரியுமா? அதுவும் உயிர்தான். அந்த உயிரை உன் நாலாவது அத்தியாயத்துல எங்கேயும் காணோம்."

பக்கங்களைப் புரட்டித் தேடினேன். எங்கேயும் இல்லைதான்.

"ஆய்வேட்டுல இருக்கட்டும்" என்றார் பிறகு. "குழுவுக்கு வேண்டாம். இது வெறும் யூகம், அது கணக்கு."

இரண்டையும் ஒரே ஆள்தான் எழுதினாள் மேடம்.

சொல்லவில்லை. வாசல்வரை வந்து, திரும்பிப் போய்ச் சொல்லலாமா என்று நின்றேன். கதவு மூடியிருந்தது.

செப்டம்பர் 18

குழுவின் அறிக்கை வந்துவிட்டது, மறுசோதனையை எடுத்துவிடலாம் என்று. இரண்டாம் அட்டவணை அப்படியே இருக்கிறது, என் பெயரோடு. வகுப்பில் கை தட்டினார்கள். வரிக்குதிரை எனக்காக டீ வாங்கிக்கொண்டு வந்தான். ஆறிப்போகும்வரை கையில் வைத்திருந்தேன்.

அக்டோபர் 9

அறிக்கை மீது கருத்துக்கேட்புக் கூட்டம். யார் வேண்டுமானாலும் பேசலாம் என்று அறிவிப்பில் இருந்தது. போனேன். இவரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். "உன் கட்டுரைக்கு எதிரா நீயே போறியா?" என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார்.

குளிர்ந்த கூடம். முன் வரிசைகளில் இறக்குமதியாளர்கள், சிலர் என் பழைய ஏஜென்சி நாட்களில் தெரிந்தவர்கள். மேடையில் அதிகாரி. பேராசிரியர் அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தும் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

நான் தீயைப் பற்றிச் சொன்னேன். பஞ்சைப் பற்றிச் சொன்னேன். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு அறிக்கையைப் புரட்டினார்.

"இந்த அட்டவணை உங்களோடதுதானே?"

"ஆமா சார்."

"அது தப்புன்னு சொல்றீங்களா?"

"தப்பு இல்ல சார். பாதி."

"மீதிப் பாதி எங்கே?"

"சோதனையை நிறுத்தினதுக்கு அப்புறம்தான் சார் தெரியும்."

கூடத்தில் சிரித்தார்கள். நான் நகைச்சுவையாக ஒன்றும் சொல்லவில்லை. அதிகாரியும் லேசாகச் சிரித்து, "குறிச்சுக்கறோம்மா" என்றார். அவர் கையில் பேனா இல்லை.

அக்டோபர் 10

பேராசிரியர் கூப்பிடுவார் என்று நாள் முழுக்கக் காத்திருந்தேன். கூப்பிடவில்லை. அது திட்டுவதைவிட மோசம்.

நவம்பர் 27

அறிவிக்கை வந்தாயிற்று. புத்தாண்டு முதல் வெளிநாட்டுச் சான்றிதழே போதும். மறுசோதனை கிடையாது.

ஜனவரி 16

சோதனைக்கூடத் தலைவி ஃபோன் செய்தார். அவரைக் குடிநீர்ப் பரிசோதனைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். கண்ணாடிக் கூண்டைக் கழற்றிக் கிடங்கில் போட்டுவிட்டார்களாம்.

"உங்களைத் திட்டறதுக்குக் கூப்பிடலம்மா. நீங்க கூட்டத்துல பேசினதைக் கேள்விப்பட்டேன். அதுக்குத்தான்."

பிறகு அவரே சொன்னார்: "முன்னால திருப்பி அனுப்பின கம்பெனிங்க பேரெல்லாம் மறுபடி துறைமுகத்துல தெரியுதாம். எங்க ஆள் ஒருத்தர் பார்த்துட்டு வந்து சொன்னார். பார்க்கத்தான் முடியும், தொட முடியாது."

பதினாறு நாள்தான் ஆகிறது. வாசலிலேயே காத்திருந்தார்களா?

மார்ச் 8

சனிக்கிழமை மத்தியானம். பால்கனியில் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு இணைப்பு இழுக்க வேண்டும் என்று இவர் வேலையிடத்திலிருந்து மீந்துபோன அரைச் சுருள் வயர் கொண்டுவந்தார். சுற்றியிருந்த காகிதத்தில் தங்க நிறத்தில் வெளிநாட்டுச் சான்றிதழ் முத்திரை.

நான் கத்தியை எடுத்து முனையைச் சுரண்டினேன். வெள்ளை.

"என்ன பண்றே?"

ஒரு முழம் வெட்டினேன். அடுப்பைப் பற்றவைத்து, இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டினேன். பிறகு பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திருப்பினேன். தீ அணையவில்லை. ஏறியது. அதே வேகம். தொட்டியில் சொட்டுச் சொட்டாக விழுந்து எரிந்தது. அவர் ஜன்னலைத் திறக்கக்கூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டே நின்றார். என் விரலுக்குக் கிட்டே வந்ததும்தான் குழாயைத் திறந்தார்.

"இதை எங்கே போட்டிருக்கீங்க?"

"விடுதியில."

நர்சிங் படிக்கிற பெண்களுக்கான விடுதி. நான்கு மாடி. இவர் கம்பெனி கட்டுகிறது.

"எத்தனை மாடி?"

"எல்லாம் முடிஞ்சு, பெயிண்ட் அடிச்சுட்டிருக்காங்க." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "நான்தான் வாங்கினேன். விலை கம்மின்னு நான்தான் முதலாளிகிட்டச் சண்டை போட்டு வாங்கினேன்."

அவர் தோளில் கை வைக்கலாம் என்று போனேன். கை முழுக்கக் கரி.

மார்ச் 10

முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவர் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தாராம். "நல்லாப் பாரு. உன் பொண்டாட்டி வாங்கப்போற பட்டத்தை விடப் பெரிய முத்திரை. சுவரை உடைக்கச் சொல்றியா? எந்தச் சட்டத்துல இருக்கு, காட்டு."

எந்தச் சட்டத்திலும் இல்லை. இருந்த ஒன்றை எடுத்ததில் எனக்கும் பங்குண்டு.

மார்ச் 19

மின் ஆய்வாளர் அலுவலகத்துக்கு இருவரும் போனோம். எரிந்த துண்டையும் கொண்டுபோனோம். அவர் மோசமான ஆள் இல்லை. துண்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார், முகம் சுருங்கியது. "சான்றிதழ் சரியா இருக்கும்மா. இனிமே இதை எரிச்சுப் பார்க்க எங்களுக்கு அதிகாரம் இல்ல." துண்டை எங்களிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு ரொம்ப நேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 31

கட்டடத்தை ஒப்படைக்கும் தாளில் இவர் கையெழுத்துப் போடவில்லை. பக்கத்து மேசைக்காரர் போட்டுவிட்டார். அரை நிமிட வேலை.

இவருக்கு வேலை போயிற்று. இந்தக் குடியிருப்பும் கம்பெனியுடையது. ஜூன் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

ஏப்ரல் 24

வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நான்காம் அத்தியாயத்தை ரொம்பப் புகழ்ந்தார். துணிச்சலான சிந்தனை என்றார். யாராவது மேற்கொண்டு ஆராய வேண்டும் என்றார். யாராவது! சிறப்புத் தகுதியோடு தேறினேன்.

வெளியே வந்தபோது பேராசிரியர் நடைபாதையில் நின்றிருந்தார். கூட்டத்துக்குப் பிறகு தனியாகப் பேசியதே இல்லை. ஆய்வேட்டில் சிவப்பு மை, மின்னஞ்சலில் ஒரு வரி, அவ்வளவுதான். ஆள் இளைத்திருந்தார்.

"உன் நாலாவது அத்தியாயம் சரி" என்றார்.

"அதைக் குழுவுல சொல்லுங்களேன் மேடம்."

"சொன்னேன். டிசம்பர்லயே." ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "குறிச்சுக்கிட்டாங்க."

அவர்மேல் கோபப்படத்தான் இத்தனை மாதம் சேர்த்து வைத்திருந்தேன். அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியவில்லை. படியிறங்கி வந்துவிட்டேன்.

மே 6

விடுதியைத் திறந்துவிட்டார்கள். இவர் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்றிருந்தேன், போய்விட்டு வந்திருக்கிறார். வாசலில் பெட்டியும் படுக்கையுமாகப் பெண்கள் வந்து இறங்குகிறார்களாம். விடுதிக் காப்பாளரம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "உங்களை ஏங்க வேலையை விட்டு எடுத்தாங்க?"

அதோடு முடிந்தது.

மே 21

வரிக்குதிரை பேசினான். அமைச்சகத்தில் வேலை கிடைத்து ஒரு மாதமாகிறது. நல்லது, கெட்டிக்காரன்.

"அக்கா, உங்க அட்டவணைதான் எங்களுக்கு இப்ப முன்மாதிரி. பேரை மாத்தி எண்ணை மாத்தினாப் போதும். வண்டி பிரேக்குக்குச் சோதனை போயிடுச்சு. அடுத்து குக்கர். அப்புறம் குழந்தைங்க பொம்மை."

"நாலாவது அத்தியாயத்தைப் படிச்சியாடா?"

"படிச்சேன்க்கா. நான்தானே உங்களுக்குப் பிழை திருத்தினேன்."

பெருமூச்சு விட்டான். பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். குரலைத் தணித்துக்கொண்டான், பக்கத்தில் யாரோ இருந்திருக்க வேண்டும்.

"அக்கா, அம்மாவுக்கு வீடு கட்டிட்டிருக்கோம். வயர் எதை வாங்கலாம்?"

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. இப்போது யாருக்கும் தெரியாது. அதுதானே விஷயம்.

ஜூன் 15

வீடு பார்க்கப் போனோம். இவருக்கு ஒரு தச்சுப் பட்டறையில் கணக்குப் பார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. எனக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பிரிவில் தற்காலிக வேலை, பழைய சோதனைக்கூடத் தலைவி சொல்லி வைத்தது. ஆக, பட்டறைக்குப் பக்கத்திலேயே பார்த்தோம்.

முதல் வீடு எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. மாடி, காற்று, பெரிய சமையலறை. வீட்டுக்காரர் ஒவ்வொரு அறையாக விளக்கைப் போட்டுப் போட்டுக் காட்டினார். "போன மாசம்தான் வயரிங் முழுசா மாத்தினோம். எல்லாம் புதுசு, வெளிநாட்டுச் சரக்கு." இவர் சுவரில் உள்ளங்கையை வைத்து அப்படியே நின்றார். மழமழவென்று நல்ல பூச்சு. உள்ளே என்ன ஓடுகிறது என்று வெளியே தெரியாது. யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு இறங்கினோம்.

அடுத்த தெருவில் இரண்டாவது வீடு. இருட்டு. குளியலறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை. சுவர்மேல் மரச்சட்டம் அடித்து, அதில் பழைய வயர், தூசி படிந்து கறுத்துப்போய். பார்த்ததும் இவர் முகத்தில் ஒரு தெளிவு. நானும் உடனே சரி என்றுவிட்டேன்.

வீட்டுக்காரருக்குத்தான் சங்கடம். வயதானவர், நேர்மையான மனுஷர். மரச்சட்டத்தைத் தட்டிக் காட்டினார்.

"இது ஒண்ணுதாங்க குறை. நீங்க வர்றதுக்குள்ள மாத்திக் கொடுத்துடறேன். இப்ப வயர் ரொம்ப மலிவு."

"வேண்டாங்க" என்றோம், இருவரும் ஒரே நேரத்தில். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்களை மாறி மாறிப் பார்த்தார்.